நூலகத்தை வாசகரிடமிருந்து தொடங்குவோம்

(பெக்கோக்கில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காகக் கட்டுரை வடிவில்)



இன்றைய கருத்தரங்கில் எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு 'வடிவமைப்புச் சிந்தனையும் நூலகமும்' என்பதாகும். கட்டடக் கலைஞர்களும் நூலக அதிகாரிகளும் பேச வேண்டிய விஷயத்தில் நமக்கென்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நூலகம் யாருடைய வரிப்பணத்தில் நடக்கிறதோ அவர்கள் பேச வேண்டிய விஷயம்தான் இது.

முதலில் ஒரு கேள்வி. எந்தச் சிறு பட்டணத்திற்குச் சென்றாலும் உணவுக் கடை நள்ளிரவு வரை நிறைந்திருக்கிறது. அங்கே உட்காரக் காசு கொடுக்க வேண்டும். நூலகத்தில் நாற்காலி இலவசம், மின்விசிறி இலவசம், நாளிதழ் இலவசம், புத்தகமும் இலவசம். இருந்தும் பல நாள்களில் அங்கே நாற்காலிகள் காலியாகத்தான் கிடக்கின்றன. ஏன்?

"நம் மக்களுக்கு வாசிப்புப் பழக்கம் இல்லை" என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் ஓர் உணவுக் கடைக்காரர் தம் கடைக்கு ஆள் வராவிட்டால், "இந்த ஊர்க்காரர்களுக்குப் பசியே இல்லை" என்று சொல்வாரா? சொல்லமாட்டார். கடை இருக்கும் இடம் சரியில்லையா, திறக்கும் நேரம் சரியில்லையா, பலகாரம் சரியில்லையா என்று யோசிப்பார். பக்கத்துக் கடையில் போய் அமர்ந்து, மக்கள் என்ன கேட்டு வாங்குகிறார்கள் என்று பார்ப்பார். அந்தக் கடைக்காரரின் சிந்தனைக்கு ஒரு முறையான வடிவம் கொடுத்தால் அதுதான் வடிவமைப்புச் சிந்தனை.

ஐந்து படிகள்

ஒரு பொருளையோ சேவையையோ உருவாக்குபவர் தம் வசதியிலிருந்து தொடங்காமல், அதைப் பயன்படுத்தப் போகும் மனிதரிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வடிவமைப்புப் பள்ளி இதனை ஐந்து படிகளாகக் கற்பிக்கிறது. முதலாவது, பயனாளரின் நிலையில் நின்று பார்ப்பது. இரண்டாவது, உண்மையான சிக்கல் எது என்று வரையறுப்பது. மூன்றாவது, பலவிதமான யோசனைகளைக் குவிப்பது. நான்காவது, செலவு குறைந்த மாதிரி ஒன்றைச் செய்து பார்ப்பது. ஐந்தாவது, அதனை மக்களிடம் சோதித்துத் திருத்துவது.

இதை விளக்க ஒரு நிகழ்ச்சி. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் எம்.ஆர்.ஐ. பரிசோதனை இயந்திரங்களை வடிவமைத்தவர் டக் டீட்ஸ். அவர் உருவாக்கிய இயந்திரம் தொழில்நுட்ப ரீதியில் சிறந்தது. ஆனால் மருத்துவமனை ஒன்றில், அந்த இயந்திரத்தைக் கண்டு ஒரு சிறுமி அழுவதை அவர் நேரில் பார்த்தார். அசையாமல் படுக்க முடியாத பல குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரிய வந்தது. பிறகு அவரும் அவருடைய குழுவினரும் பரிசோதனை அறையைக் கடற்கொள்ளையர் கப்பலாகவும் விண்வெளிப் பயணமாகவும் வண்ணம் தீட்டி மாற்றினார்கள். இயந்திரத்தின் உள்ளே எதுவும் மாறவில்லை. குழந்தையின் அனுபவம் மாறியது. மயக்க மருந்து தேவைப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

இப்போது அந்த இயந்திரத்தின் இடத்தில் நூலகத்தை வைத்துப் பாருங்கள். உள்ளே நல்ல புத்தகங்கள் இருக்கலாம். ஆனால் வாசலில் நிற்பவருக்கு அந்த இடம் எப்படித் தோன்றுகிறது என்பதை யார் பார்த்தார்கள்?

சீர்காழித் தமிழர் சொன்னது

இது மேல்நாட்டுச் சரக்கு என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். நூலகத்தை வாசகரின் கண்ணால் பார்க்க வேண்டும் என்று உலகத்திற்கே சொல்லிக் கொடுத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் ஒரு தமிழர். 1892-இல் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது பல நூலகங்களை நேரில் சுற்றிப் பார்த்தார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் இன்றும் உலகெங்கும் நூலகவியல் மாணவர்களுக்குப் பாடமாக உள்ளன.

அந்த விதிகளின் சாரம் எளிமையானது. நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் என்பது வளர்ந்து கொண்டேயிருக்கும் உயிர்.

விதிகளைச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. நூலகம் ஊரின் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எந்நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் அவர் ஆராய்ந்தார். தரையில் நின்றபடியே மேல்தட்டுப் புத்தகத்தை எடுக்க முடிய வேண்டும் என்று அலமாரியின் உயரத்தைப் பற்றியும் எழுதினார். வாசகர்கள் தாமே அலமாரிக்குச் சென்று நூலை எடுத்துப் பார்க்கும் திறந்த முறையை வலியுறுத்தினார்.

அதே 1931-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், மன்னார்குடி அருகே மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளரின் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. வாசகர் நூலகத்திற்கு வர முடியவில்லை என்றால் நூலகம் வாசகரிடம் போகட்டும் என்பதுதான் அதன் பொருள். வடிவமைப்புச் சிந்தனை என்ற பெயர் பரவுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் அதைச் செயலில் காட்டியிருக்கிறார்கள்.

சிங்கப்பூர் செய்த மாற்றம்

நம் ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் இதற்கு அருகாமையான எடுத்துக்காட்டு கிடைக்கிறது. சிங்கப்பூரின் தேசிய நூலக வாரியம் 1995-இல் அமைக்கப்பட்டது. அந்தக் காலத்தில் வாசகர்களின் பெரிய குறை வரிசை. புத்தகத்தை இரவல் பெறவும் வரிசை, திருப்பிக் கொடுக்கவும் வரிசை. "பணியாளர்களைக் கூட்டுவோம்" என்பது வழக்கமான தீர்வு. அவர்களோ வரிசையே எதற்கு என்று கேட்டார்கள். 1998-இல் புக்கிட் பாத்தோக் நூலகத்தில், வானொலி அலையால் இயங்கும் சில்லுகளைப் புத்தகங்களில் ஒட்டிச் சோதனை செய்தார்கள். வாசகரே இரவலைப் பதிவு செய்து கொள்ளலாம், திருப்பும் புத்தகத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். ஒரு நூலகத்தில் சோதித்த பிறகே மற்ற நூலகங்களுக்கும் அதைக் கொண்டு சென்றார்கள்.

அடுத்து ஆர்ச்சர்ட் நூலகம். 1999-இல் கடைத்தொகுதி ஒன்றினுள் திறக்கப்பட்ட அந்நூலகம் 2007-இல் மூடப்பட்டது. 2014 அக்டோபரில் புதிய இடத்தில் மீண்டும் திறக்கப்பட்டபோது, அதன் திட்டமிடலில் வடிவமைப்புச் சிந்தனை முறையைப் பயன்படுத்தினார்கள். சிங்கப்பூர் பாலிடெக்னிக்குடன் இணைந்து, வரப்போகும் வாசகர்களிடம் பேசி, அவர்களின் பழக்கங்களைக் கவனித்து, மாதிரிகள் செய்து பார்த்தார்கள். அதன் பலன்களில் ஒன்று, புத்தகங்களின் முதுகு மட்டும் தெரியும்படி அடுக்காமல், முன்னட்டை தெரியும்படி வைக்கும் அலமாரிகள். கடைவீதியில் பொருளைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு ஏற்ற ஏற்பாடு இது.

இதை நம் சூழ்நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல நூலகங்கள் பின்பற்றும் டியூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. நூலகருக்கு இந்த எண் இன்றியமையாதது. கதைப்புத்தகம் தேடி வந்த எட்டு வயதுத் தமிழ்ப்பள்ளி மாணவனுக்கு அது என்ன சொல்லும்? புத்தகத்தின் முன்னட்டையில் இருக்கும் யானைப் படமும் பெரிய எழுத்துத் தலைப்பும் அவனோடு பேசும். எண் முதுகில் இருக்கட்டும். முகம் பிள்ளைக்குத் தெரியட்டும்.

முன்கூடமே சோதனைக்கூடம்

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. புதிய மைய நூலகம் கட்டுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, பழைய நூலகத்தின் முன்கூடத்தை 2004 முதல் 2007 வரை சோதனைக்கூடமாக மாற்றினார்கள். இலக்கியம், செய்தி, இசை என்று மாறி மாறி அமைப்புகளை வைத்து, மக்கள் எதை நாடுகிறார்கள், எதைக் கடந்து போகிறார்கள் என்று கவனித்தார்கள். 2015-இல் 'டொக் 1' என்ற புதிய நூலகம் திறக்கப்பட்டது. 2016-இல் சிறந்த பொது நூலகத்திற்கான அனைத்துலக விருதும் அதற்குக் கிடைத்தது.

அந்நூலகத்தில் ஒரு பெரிய மணி தொங்குகிறது. ஊர் மருத்துவமனையில் குழந்தை பிறந்ததும் பெற்றோர் ஒரு பொத்தானை அழுத்தினால் நூலகத்தில் அந்த மணி ஒலிக்கும். புத்தகம் வாசித்துக் கொண்டிருப்பவர் நிமிர்ந்து பார்த்து, நம் ஊருக்கு இன்னொரு பிள்ளை வந்துவிட்டது என்று அறிந்து கொள்கிறார். நூலகம் ஊரின் சொத்து என்பதை இதைவிட அழகாக எப்படிச் சொல்வது?

ஆர்ஹுஸ் நூலகமும் அமெரிக்காவின் சிகாகோ பொது நூலகமும் ஐடியோ என்ற வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து, 2015-இல் நூலகங்களுக்கான வடிவமைப்புச் சிந்தனைக் கையேடு ஒன்றை வெளியிட்டன. கேட்ஸ் அறக்கட்டளை அதற்கு நிதி வழங்கியது. எந்த நூலகமும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாட்டோடு அது வெளிவந்தது. பெரிய கட்டடம் கட்ட முடியாத ஊருக்கும் இந்த முறை பொருந்தும் என்பதால்தான் இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

பெக்கோக்கில் எப்படி?

பெக்கோக்கை எடுத்துக் கொள்வோம். சிகாமட் மாவட்டத்தில், லாபிசுக்கும் பாலோவுக்கும் இடையே இரயில் பாதையோரம் அமைந்த பட்டணம். சுற்றிலும் இரப்பர், செம்பனைத் தோட்டங்கள். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் செலாய் பகுதிக்குப் போகும் வழி. இங்கே வாழும் மூன்று பேரைக் கற்பனை செய்து பாருங்கள்.

முதலாமவர், எஸ்.பி.எம். தேர்வுக்குத் தயாராகும் படிவம் ஐந்து மாணவி. வீட்டில் தொலைக்காட்சி ஓடுகிறது, தம்பி தங்கைகள் விளையாடுகிறார்கள். அவளிடம் சொந்தப் பாடநூல் இருக்கிறது. அவளுக்குத் தேவை ஒரு மேசை, நல்ல வெளிச்சம், இரண்டு மணி நேர அமைதி. சென்னையில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், வாசகர்கள் தங்கள் சொந்தப் புத்தகங்களைக் கொண்டு வந்து படிப்பதற்கென்றே தனிப்பிரிவு உண்டு. நூலகத்தின் புத்தகத்தைத் தொடாதவரும் நூலகத்தின் வாசகர்தான் என்று ஏற்றுக் கொண்டதன் அடையாளம் அது.

இரண்டாமவர், தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாய். தமிழ் நன்றாக வாசிப்பார். உறுப்பினர் படிவம் தேசிய மொழியில் இருப்பதால், தவறாக எழுதிவிடுவோமோ என்ற கூச்சம். பிள்ளையை வாசல் வரை கொண்டு வந்து விட்டுவிட்டு வெளியிலேயே நிற்கிறார்.

மூன்றாமவர், ஓய்வு பெற்ற பால்மரத் தொழிலாளி. காலையில் தமிழ் நாளிதழ் வாசிக்க வேண்டும். முழங்கால் வலி. அடித்தட்டுக்குக் குனிய முடியாது. சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி இருந்தால் போதும்.

இம்மூவரிடமும் போய், "உங்களுக்கு நூலகம் பிடிக்குமா?" என்று கேட்டால், "பிடிக்கும்" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதிலால் பயனில்லை. "கடைசியாக எப்போது போனீர்கள்? போனபோது என்ன நடந்தது? ஏன் திரும்பி வந்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். அப்போதுதான் உண்மை வெளிவரும். தொலைக்காட்சியில் நாங்களும் இதைத்தான் கற்றுக் கொண்டோம். நிகழ்ச்சி நன்றாக இருக்கிறது என்று கைகுலுக்குபவர், எந்த இடத்தில் அலைவரிசையை மாற்றினார் என்பதைச் சொல்லமாட்டார்.

அடுத்தது சிக்கலை வரையறுப்பது. "இளைஞர்கள் வாசிப்பதில்லை" என்பது புலம்பல். அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. "பள்ளி முடிந்து டியூஷன் தொடங்கும் வரை, படிவம் ஐந்து மாணவிக்கு அமைதியான மேசை இல்லை" என்பது சிக்கல். இதற்குத் தீர்வு காண முடியும்.

நேரம் என்பது இங்கே மிக முக்கியம். ஜொகூரில் 2014 முதல் வார விடுமுறை வெள்ளி, சனியாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறாக மாறியது. விடுமுறை நாள் மாறும்போது பிள்ளைகள் எப்போது ஓய்வாக இருக்கிறார்கள், பெற்றோர் எப்போது அழைத்து வர முடியும் என்பதும் மாறுகிறது. மற்றவர்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் மட்டும் நூலகம் திறந்திருந்தால், காலி நாற்காலிக்கு வாசகர்களைக் குறை சொல்ல முடியாது.

சிறிய சோதனைகள்

இனி மாதிரி செய்து பார்க்கும் கட்டம். இதற்குப் பெரிய மானியம் தேவையில்லை. இரண்டு வாரத்திற்கு ஒரு மேசையை மட்டும் 'தேர்வு மாணவர் மேசை' என்று ஒதுக்கிப் பார்க்கலாம். உள்மூலையில் இருக்கும் தமிழ் நூல்களில் இருபதை மட்டும் வாசலருகே, முன்னட்டை தெரியும்படி வைத்துப் பார்க்கலாம். உறுப்பினர் படிவத்தை எப்படி நிரப்புவது என்று தமிழில் ஒரு தாள் எழுதி, படிவத்தின் அருகே வைக்கலாம். ஒரு பெட்டியில் நாற்பது புத்தகங்களை வைத்து, வாரம் ஒரு நாள் தமிழ்ப்பள்ளிக்கோ கோயில் மண்டபத்திற்கோ கொண்டு செல்லலாம். மேலவாசல் மாட்டுவண்டியின் பேரப்பிள்ளை என்று அந்தப் பெட்டியைச் சொல்லலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2023 மார்ச் மாதப் பெருவெள்ளத்தில் சிகாமட் மாவட்டம் பட்ட பாடு நமக்குத் தெரியும். தாழ்வான இடத்தில் உள்ள நூலகமானால் அடித்தட்டைக் காலியாக விட்டு, நடுத்தட்டுகளில் நூல்களை அடுக்கினால் வெள்ளத்திற்கும் பாதுகாப்பு, முழங்கால் வலிக்காரருக்கும் வசதி. நல்ல வடிவமைப்பு என்பது ஒரே செயலில் இரண்டு பேருக்கு உதவுவதாகும்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கணக்கு இருக்க வேண்டும். எத்தனை பேர் அந்த மேசையில் அமர்ந்தார்கள்? வாசலருகே வைத்த இருபதில் எத்தனை இரவல் போயின? பலன் இல்லையென்றால் வருத்தப்படாமல் நிறுத்திவிட்டு வேறொன்றைச் செய்து பார்க்கலாம். இரண்டு வாரமும் ஒரு தாளும்தான் செலவு. இலட்சக்கணக்கான ரிங்கிட் செலவில் கட்டி முடித்த பிறகு தவறைக் கண்டுபிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இதில் நமக்கு என்ன நட்டம், என்ன இலாபம் என்று கேட்கலாம். தமிழ் நூல்கள் இரவல் போகவில்லை என்றால், இங்கே தமிழ் நூல்களுக்குத் தேவையில்லை என்று எண்ணிக்கை சொல்லும். எண்ணிக்கையைப் பார்த்து நூல் வாங்குபவர் அடுத்த முறை குறைவாகத்தான் வாங்குவார். அலமாரி சுருங்கும். சுருங்கிய அலமாரியைப் பார்த்து வாசகர் இன்னும் குறைவார். புத்தகம் மூலையில் மறைந்திருந்ததும், படிவம் புரியாமல் ஒரு தாய் வாசலிலேயே நின்றதும் எந்த எண்ணிக்கையிலும் வராது. அவற்றை வெளியே கொண்டு வருவது நம் கையில் இருக்கிறது.

சில எச்சரிக்கைகள்

வடிவமைப்புச் சிந்தனை மந்திரக்கோல் அல்ல. வண்ணத் தாள்களைச் சுவரில் ஒட்டிப் பட்டறை நடத்தி, படம் எடுத்துக் கொண்டு கலைந்துவிட்டால் அது வெறும் சடங்கு. வண்ண மெத்தை போட்ட அறையில் புதிய புத்தகம் இல்லையென்றால் அது நூலகம் ஆகாது. நூல் வாங்கும் நிதியும், பயிற்சி பெற்ற பணியாளரும், தமிழ் தெரிந்த ஒருவரின் துணையும் வேண்டும் என்ற கோரிக்கையை இம்முறை குறைத்துவிடக் கூடாது. அந்தக் கோரிக்கைக்கு அது ஆதாரம் தேடித் தர வேண்டும்.

அதேபோல் நூலகப் பணியாளரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் தவறு. மாநில நூலகக் கழகத்தின் விதிமுறைகளுக்கு உட்பட்டு அவர் பணியாற்றுகிறார். அலமாரியை நகர்த்தவும் அவருக்கு அனுமதி தேவைப்படலாம். எனவே எதையும் அவரோடு கலந்து பேசி, அவருடைய ஒப்புதலோடு செய்ய வேண்டும். அன்றாடம் வாசகரைப் பார்ப்பவர் அவர்தான். பல பதில்கள் அவரிடமே இருக்கும். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

நிறைவாக, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் கோயில் பொறுப்பாளர்களுக்கும் இளைஞர் இயக்கத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மாதத்திற்குள் உங்களுக்கு அருகிலுள்ள நூலகத்திற்கு, இதுவரை அங்கே காலடி வைக்காத ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். வழி காட்டாதீர்கள். இரண்டடி பின்னால் நின்று பாருங்கள். அவர் எங்கே தயங்குகிறார், எந்தப் பலகையைப் படிக்க முடியாமல் திணறுகிறார், எந்தப் புத்தகத்தைப் பார்த்ததும் கையை நீட்டுகிறார் என்று ஒரே ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள். அந்தத் தாளை நூலகரிடம் மரியாதையோடு கொடுத்து, "ஐயா, இதில் ஒன்றை மட்டும் இரண்டு வாரம் செய்து பார்ப்போமா?" என்று கேளுங்கள். பெண் நூலகராக இருந்தால் "அம்மா" என்று கேளுங்கள்.